மெட்டல் கிட்டாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஹெவி மெட்டல் வாசிக்கப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கிட்டாரின் உருவம்தான். கூரான கொம்புகள், பளபளக்கும் கறுப்பு, விரற்பலகையில் வரிசையாகப் பதித்த முக்கோணங்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இசைக்குத் தேவையான எதுவும் அந்த உருவத்தில் இல்லை. மெட்டல் இசை ஒரு கிட்டாரிடம் எதிர்பார்ப்பவை மிகவும் குறிப்பானவை. அவற்றில் பெரும்பாலானவை மலிவாகவே செய்யக்கூடியவை. ஜாக்சனின் ஜேஎஸ் வரிசை, ஐபனெஸின் ஜியோ வரிசை, இஎஸ்பி நிறுவனத்தின் எல்டிடி வரிசையில் கீழ்ப்படியில் இருப்பவை என 200 டாலரை ஒட்டிய விலையில் விற்கும் கிட்டார்கள் ஒரு தொடக்கக்காரருக்கு ஏன் போதும், எந்த இடத்தில் போதாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

டிஸ்டார்ஷனிலிருந்து தொடங்க வேண்டும். அது புரிந்தால் மற்றவை எல்லாம் தாமாகப் புரியும்.

ஆம்ப்ளிஃபையருக்குள் போகும் சிக்னலை அது தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால், ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. வளைந்து ஏறி வளைந்து இறங்கிய அலை, தலை தட்டையாகி வெளியே வருகிறது. இதுதான் டிஸ்டார்ஷன். இப்படி வெட்டுப்படும்போது மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. கிட்டார் உறுமுவது அவற்றால்தான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. தந்தியைத் தெரியாமல் உரசும் விரல், பக்கத்துத் தந்தியின் நடுக்கம், மின்சாரத்தின் இரைச்சல் என்று முன்பு காதில் விழாதவை எல்லாம் இசைக்குச் சமமாக மேலே வந்துவிடுகின்றன.

டிஸ்டார்ஷனில் முழு கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது) வாசித்தால் ஏன் கலங்கலாகக் கேட்கிறது, இரண்டே ஸ்வரங்கள் கொண்ட பவர் கார்டு ஏன் மலை போல நிற்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். பவர் கார்டு என்பது ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும்தான். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ச–ப. தம்புராவில் காலம் காலமாக ஒலித்துக்கொண்டிருக்கும் அதே உறவு. தடித்த ஆறாவது தந்தியைத் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், மீட்டினால் அது நொடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமம் சுமார் 123 முறை. இரண்டையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பும்போது பிறக்கும் புதிய அதிர்வெண்களில் ஒன்று இவ்விரண்டின் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய 41. இது ஆதார ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருப்பது. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி திறந்தபடி ஒலிக்கும் அதே ஸ்வரம். யாரும் வாசிக்காத ஒரு பாஸ் ஸ்வரம் கிட்டாருக்குள்ளிருந்தே எழுகிறது. இதில் காந்தாரத்தையும் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத பல வித்தியாச அதிர்வெண்கள் பிறந்து மோதுகின்றன. காதுக்கு அது கலங்கல். மெட்டல் இசையின் முதுகெலும்பு ஏன் பவர் கார்டு என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

இனி கிட்டாருக்கு வருவோம். தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்அப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சுருளுக்குத் தந்தி எது, சுவருக்குள் ஓடும் மின் வயர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்கிறது. சுத்தமான ஒலியில் அது பெரிதாகத் தெரியாது. டிஸ்டார்ஷனில் ‘ம்ம்ம்’ என்று அறையை நிறைத்துவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றில் காந்தத்தின் வடமுனை தந்தியைப் பார்க்கும், மற்றொன்றில் தென்முனை. சுருள்கள் இணைந்த திசையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தந்தியின் சிக்னலைப் பொறுத்தவரை இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அது கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தின் முனையோடு சம்பந்தமில்லை. சுருளின் திசை மட்டுமே கணக்கு. எனவே அது ஒன்றில் கூட்டலாகவும் மற்றொன்றில் கழித்தலாகவும் வந்து அழிந்துபோகிறது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த ஹம்பக்கர் பிக்அப் 1957இல் கிப்சன் கிட்டார்களில் வந்தது. அப்போது ஹெவி மெட்டல் என்ற இசையே கிடையாது.

1972இல் லாரி டிமார்சியோ ஹம்பக்கரில் விலை மலிவான, வலுவான செராமிக் காந்தத்தை வைத்து, கூடுதல் சிக்னல் தரும் பிக்அப்பைக் கொண்டுவந்தார். ஆம்ப்பை முன்னைவிட எளிதாக டிஸ்டார்ஷனுக்குள் தள்ள முடிந்தது. இன்று மலிவான மெட்டல் கிட்டார்களில் இருப்பவை பெரும்பாலும் செராமிக் காந்த ஹம்பக்கர்களே. ஜாஸ் வாசிப்பவருக்கு அவற்றின் கூர்மை பிடிக்காமல் போகலாம். மெட்டலுக்கோ அந்தக் கூர்மையும் இறுக்கமும்தான் வேண்டும். செலவைக் குறைக்கத் தேர்ந்தெடுத்த பொருளே இசைக்கும் பொருத்தமாக அமைந்துவிட்ட இடம் இது. அதனால் வாங்கிய வாரமே பிக்அப்பை மாற்றச் சொல்லும் நண்பர்களின் பேச்சைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம்.

அடுத்தது தந்தியின் நீளம். இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. மெட்டலுக்கோ இது உயிர்நாடி.

பர்மிங்ஹாம் நகரின் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். இடது கை வாசிப்பாளர் என்பதால் தந்திகளை அழுத்தும் கை அது. உருக்கிய பிளாஸ்டிக்கில் விரல் உறைகளைத் தானே செய்துகொண்டார்; மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1971இல் வந்த குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியையே ஒன்றரை ஸ்வரம் (மூன்று அரைஸ்வரங்கள்) இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். ஒலியோ முன்பு யாரும் கேட்டிராத அளவுக்குக் கனத்தது. சுருதியை இறக்குவது அதற்குப் பின் மெட்டல் இசையின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

இறக்கினால் வரும் சிக்கல் எளிய கணக்கு. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் வழக்கமான 46 அளவுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கு தடிமன்) ஆறாவது தந்தியில், வழக்கமான இ சுருதியில் ஏறக்குறைய எட்டு கிலோ இழுவிசை இருக்கும். அதை இரண்டு முழு ஸ்வரம் இறக்கி சி சுருதிக்குக் கொண்டுவந்தால் ஐந்து கிலோவாகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தந்தி, விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் மோதிப் படபடக்கும். பலமாக அடித்தால் முதல் நொடியில் சுருதி மேலே எகிறிப் பிறகு இறங்கும். வேகமான தாளக்கட்டில் ஒவ்வோர் அடியும் குழைந்துவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தந்தியைத் தடிமனாக்குவது. சி சுருதியிலும் அதே எட்டு கிலோ வேண்டும் என்றால் 46 இருந்த இடத்தில் 58 போட வேண்டும். மற்றொன்று, நீளமான கிட்டார். கிப்சன் லெஸ் பால் வகையின் தந்தி நீளம் 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நீளம் 25.5 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். நீளமும் வர்க்கத்தில் கணக்காவதால் அதே தந்தியில் இழுவிசை 6 சதவீதம் கூடுகிறது. பெரும்பாலான மெட்டல் கிட்டார்கள் 25.5 அங்குலத்தைப் பின்பற்றுவது இதனால்தான். பாரிடோன் வகைகள் 27 அங்குலம் வரையும் அதற்கு மேலும் போகின்றன; இன்னும் கீழே இறங்குகிறவர்களுக்கு அவை. நல்ல செய்தி என்னவென்றால், நீளத்துக்குக் காசு கிடையாது. 200 டாலர் கிட்டாரிலும் 25.5 அங்குலம் 25.5 அங்குலமேதான்.

மெட்டல் கிட்டாரின் வடிவம் உருவான கதையும் மலிவான பாகங்களில்தான் தொடங்குகிறது. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவில் எடி வான் ஹேலன் என்ற இளைஞருக்குக் கிப்சனின் தடித்த ஒலியும் வேண்டியிருந்தது. சுருதியை அசைக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெம்புகோலும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கிட்டாரில் கிடைக்கவில்லை. குறை உள்ளதென்று ஒதுக்கிய ஸ்ட்ராட் வடிவ உடல் ஒன்றை 50 டாலருக்கும், கழுத்துப் பகுதியை 80 டாலருக்கும் வாங்கினார். பழைய கிப்சன் கிட்டாரிலிருந்து ஒரு ஹம்பக்கரைக் கழற்றி, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே பொருத்தினார். இயங்கியது ஒரே ஒரு வால்யூம் திருகுதான். 1978இல் அவருடைய குழுவின் முதல் ஆல்பத்தில் உலகம் கேட்டது அந்தக் கிட்டாரை. 1980களில் ஜாக்சன், சார்வெல், ஐபனெஸ் நிறுவனங்கள் இந்த யோசனையை மெருகேற்றி, மெல்லிய கழுத்தும் 24 ஃப்ரெட்டுகளும் சேர்த்து ‘சூப்பர்ஸ்ட்ராட்’ என்ற வகையையே உருவாக்கின. ஐபனெஸின் புகழ்பெற்ற ஆர்ஜி வரிசை 1987இல் வந்தது. 1975இல் டோக்கியோவில் தொடங்கிய இஎஸ்பியும், அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஷெக்டரும் முதலில் கிட்டாருக்கு உதிரி பாகங்கள் விற்ற கடைகளே. எனவே மலிவான மெட்டல் கிட்டாரை வைத்திருப்பவர் எதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த வகையின் பிறப்பே அப்படித்தான்.

இன்றைய மலிவுக்குக் காரணம் தொழிற்சாலைகள். இந்தோனேசியாவிலும் சீனாவிலும் கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரங்கள் கழுத்தையும் உடலையும் மில்லிமீட்டர் பிசகாமல் செதுக்குகின்றன. சுரபாயாவில் உள்ள கோர்ட் நிறுவனத்தின் ஆலையில் பல புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய கிட்டார்கள் தயாராகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கைத்திறனை நம்பியிருந்த அளவுத் துல்லியம் இன்று விலை மலிவான கிட்டாருக்கும் கிடைக்கிறது. உடலுக்குப் பாப்லர், பாஸ்வுட் போன்ற மலிவான மரங்கள். கெட்டியான உடல் கொண்ட மின் கிட்டாரில் மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைத் தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு மணி நேரம் தோளில் தொங்கப்போவது அது.

எடுத்துக்காட்டாக ஜாக்சனின் ஜேஎஸ்22 டிங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 25.5 அங்குலத் தந்தி நீளம், இரண்டு ஹம்பக்கர்கள், 24 பெரிய ஃப்ரெட்டுகள், கிராஃபைட் தண்டுகள் வைத்து வலுவூட்டிய மேப்பிள் கழுத்து. விரற்பலகையின் வளைவு தலைப்பக்கம் 12 அங்குல ஆரத்தில் தொடங்கி, உடல் பக்கம் போகப் போகத் தட்டையாகி 16 அங்குல ஆரத்தில் முடிகிறது. கீழே கார்டு பிடிக்க வளைவு வசதி; மேலே சோலோ வாசிக்கத் தட்டை வசதி. ஒரு காலத்தில் விலையுயர்ந்த கிட்டார்களின் பெருமையாக இருந்த அம்சம் இது.

அப்படியானால் எங்கே சிக்கனம் பிடித்தார்கள்? இயந்திரம் செய்ய முடியாத, மனிதக் கை நேரம் செலவழிக்க வேண்டிய இடங்களில்தான். ஃப்ரெட்டுகளின் முனைகளை உருட்டி மழுக்குவது, தலைப்பக்கத்தில் தந்திகள் கடந்துபோகும் சிறு பட்டையான நட்டில் தந்திக்கான காடிகளைச் சரியான ஆழத்துக்கு அராவுவது, கடைசியாக ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பது ஆகியவைதான் குறைகின்றன. அடுத்து, உலோகம். இதில் பெரிதும் அடிவாங்குவது மிதக்கும் ட்ரெமோலோ, அதாவது நெம்புகோலால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்.

ஃபிளாய்ட் ரோஸ் வடிவமைத்து 1979இல் காப்புரிமை பெற்ற ட்ரெமோலோ ஓர் அற்புதமான யோசனை. தந்திகளை நட்டிலும் பிரிட்ஜிலும் திருகி இறுக்கிப் பூட்டிவிடுவதால், நெம்புகோலை எவ்வளவு அழுத்தினாலும் சுருதி பழைய இடத்துக்கே திரும்பும். பிரிட்ஜ் இரண்டு கூரான விளிம்புகளின் மேல், தராசின் முள் போல நிற்கிறது. ஒரு பக்கம் ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை, ஏறக்குறைய 47 கிலோ. மறுபக்கம் முதுகில் உள்ள சுருள்வில்கள். அந்த விளிம்பு கடினப்படுத்திய எஃகாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் கூர் மழுங்காது. மலிவான நகல்களில் மென்மையான உலோகம் வருகிறது, விளிம்பு தேய்கிறது, பிரிட்ஜ் ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில் வந்து நிற்கிறது. எந்தச் சரிசெய்தலும் அதைக் காப்பாற்றாது.

தரமான மிதக்கும் பிரிட்ஜே கிடைத்தாலும் புதியவருக்கு அது பெரும் தொல்லை. ஆறாவது தந்தியை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கினால் அந்தப் பக்கத்து இழுவிசை குறைந்து, சுருள்வில் பிரிட்ஜைப் பின்னுக்கு இழுக்க, மற்ற ஐந்து தந்திகளும் சுருதி ஏறிவிடும். ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் முதலில் சரிசெய்தது மறுபடி விலகும். ஒரு தந்தி அறுந்தால் பாட்டே நின்றுவிடும். மெட்டலின் அடிப்படையான பாம் மியூட், அதாவது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே தந்திகளின் மேல் வைத்து அடக்கி அடிப்பது, மிதக்கும் பிரிட்ஜில் கை சற்று அழுந்தினாலே சுருதி விலகும். நிலையான பிரிட்ஜில் கையை நம்பி ஊன்றலாம். ஆகவே இந்த விலையில் நிலையான பிரிட்ஜ் உள்ளதையே வாங்குங்கள். ஐபனெஸ் ஜிஆர்ஜி121 போன்றவை இந்த வகைதான். ஜேஎஸ்22 டிங்கியில் வரும் எளிய ஸ்ட்ராட் வகை ட்ரெமோலோ நடுத்தரமான சமரசம். நெம்புகோலைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகில் சுருள்வில்களை இறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்டிவிட்டால் கிட்டத்தட்ட நிலையான பிரிட்ஜ் போலவே நடந்துகொள்ளும்.

கடையில் ஆம்ப்பில் செருகுவதற்கு முன்பே கிட்டாரைப் பாதி சோதித்துவிடலாம். இடது கையைக் கழுத்தின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் தோலைக் கீறக் கூடாது. ஏசி அறையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரில் மரம் வறண்டு சுருங்கி, சுருங்காத உலோகம் வெளியே நீட்டியிருப்பது உண்டு. பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. எங்காவது ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒலி செத்தாலோ படபடத்தாலோ அந்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கிட்டாரை விட்டுவிட்டு அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள். கடைசியாக மூன்றாவது தந்தியைச் சுருதி சேர்த்து, பலமாக நாலைந்து முறை இழுத்து வளைத்து, மறுபடி கேளுங்கள். முறுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்தால் நட்டின் காடி தந்தியைக் கவ்விப் பிடிக்கிறது. சுருதி நிற்கவில்லை என்று பலரும் தந்தியை முறுக்கும் ஆணிகளைக் குறை சொல்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் நட்டுதான். அதைச் சரிசெய்யச் சிறிய அரமும் தெரிந்த கையும் போதும்.

அந்தத் தெரிந்த கைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்திச் சொல்லும் ஒரே செலவு. ஒரு நல்ல பழுதுபார்ப்பவர் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்வார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியின் உயரத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருவார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் எழுப்பும் ஹார்மோனிக் ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கும்படி பிரிட்ஜில் தந்திகள் அமரும் சேணங்களை முன்னும் பின்னும் நகர்த்துவார். இந்த வேலை முடிந்த 200 டாலர் கிட்டாரும், பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கும் 200 டாலர் கிட்டாரும் வேறு வேறு கருவிகள். எந்தச் சுருதியில் வாசிக்கப்போகிறீர்கள் என்பதை அவரிடம் முன்பே சொல்லி, அதற்கேற்ற தடிமனுள்ள தந்திகளையே கொடுங்கள். தந்தி மாறினால் நட்டின் காடி, கழுத்தின் வளைவு, சேணத்தின் இடம் மூன்றும் மாற வேண்டும். வாரத்துக்கு ஒரு சுருதி என்று மாற்றிக்கொண்டிருந்தால் எந்தக் கிட்டாரும் ஒழுங்காக நிற்காது. முதல் ஆண்டு வழக்கமான சுருதியும், ஆறாவது தந்தியை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கும் டிராப் டி சுருதியும் தாராளமாகப் போதும். டிராப் டியில் கீழ் மூன்று தந்திகளை ஒரே விரலால் அழுத்தினாலே பவர் கார்டு வந்துவிடும்.

ஆம்ப் பற்றி ஒன்று மட்டும். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, முழுக்கத் திருகுவதுதான் மெட்டல் என்று தொடங்குகிற எல்லோருக்கும் தோன்றும். அதிகக் கெயின் எல்லாவற்றையும் சமமாக நசுக்கி, அடிக்கு அடி பலம் மாறும் பிழைகளையும் சேர்த்து மறைத்துவிடும். நடு அதிர்வெண்களை முழுக்கக் குறைத்துவிட்டால் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். நடுவைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். கெயினைப் பாதியில் வைத்துக்கொண்டு, ஆறாவது தந்தியில் பாம் மியூட் செய்து மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் இடத்தில் கெயினை இன்னும் கொஞ்சம் குறைத்து, மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள்.